பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு, பிரஷரை ஏற்றும் மருந்தா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. பத்து வருடமாக பிரஷருக்கு அம்லோடிபின், டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். சிறுநீர்த் தொற்று முற்றி 'செப்டிக் ஷாக்' என்று ஐசியூவில் சேர்த்திருக்கிறோம். மாத்திரைகளை நிறுத்திவிட்டு, பிரஷரை ஏற்ற நார்அட்ரினலின் கொடுக்கிறார்கள். பிரஷர்காரருக்கு இது ஆபத்தில்லையா?

பதில்: மாத்திரையை நிறுத்தியது சரிதான். செப்டிக் ஷாக் என்றால் தொற்றின் தீவிரத்தால் பிரஷர் சரிந்துபோகிற நிலை. இதில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதாது. அம்லோடிபினும் குழாயைத் தளர்த்துகிற மருந்துதான். நிறுத்தினாலும் சில நாள் உடம்பில் தங்கும். குழாய்களை இறுக்க உடம்பு சுரக்கும் ஹார்மோனை டெல்மிசார்டன் வேலை செய்ய விடாது. எரிகிற வீட்டில் எண்ணெய் எதற்கு?

மானிட்டரில் 90/52 என்பதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 65 என்று இருக்கும். அதுதான் சராசரி அழுத்தம். டாக்டர்கள் பார்ப்பது அதைத்தான். பொதுவாக 65 இருந்தால் போதும். இன்னும் அதிகம் வேண்டாமா என்று பிரான்சில் செப்டிக் ஷாக் நோயாளிகள் 776 பேரிடம் பார்த்தார்கள், அவர்களில் பழைய பிரஷர்காரர்களும் உண்டு. 2014-ல் முடிவு வந்தது. 80-85 வரை ஏற்றியதால் உயிர் பிழைத்தவர்கள் கூடவில்லை. ஆனால் ஏற்கெனவே பிரஷர் இருந்தவர்களில் டயாலிசிஸ் தேவை குறைந்தது. மறுபக்கம், இதயத் துடிப்பு தாறுமாறாவது கூடியது. ஆகவே அப்பாவுக்கு இலக்கைச் சற்றுக் கூட்டி வைத்தாலும் வைக்கலாம். அது அங்கே இருக்கும் டாக்டரின் கணக்கு.

நார்அட்ரினலின் வேலை செய்வது சில நிமிடம்தான். சிரிஞ்ச் பம்ப் கத்தியதும் சிஸ்டர் அடுத்த சிரிஞ்சோடு ஓடி வருவது அதனால்தான். இடைவெளி விட்டால் பிரஷர் சரிந்துவிடும். டோஸ் ஏறிக்கொண்டே போனால் வாசோபிரெசின் என்ற, பிரஷரை ஏற்றும் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார்கள். அதிக டோஸில் விரல் நுனிகள் நீலம் பாயலாம். கண்ணில் பட்டால் உடனே சொல்லுங்கள்.

தினமும் "பிரஷர் எவ்வளவு?" என்று கேட்பதைவிட "மருந்தின் டோஸ் நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். டோஸ் இறங்கியும் பிரஷர் சரியாமல் நின்றால் நல்ல செய்தி.

அப்பா மெட்டோபிரோலால், குளோனிடின் மாதிரி வேறு பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிட்டு வந்தாரா? அவற்றைத் திடீரென நிறுத்தினால் தொல்லை வரலாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் பழைய மாத்திரை டப்பாவைத் திறக்க வேண்டாம். பிரஷர் மறுபடி ஏறத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத்தான் ஆரம்பிப்பார்கள். டெல்மிசார்டனை, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள். அதற்குச் சில வாரங்கள் ஆனாலும் ஆகலாம்.