வேதாகமமும் ஆட்சிக் கதிரையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் பேச வந்தவர், அமெரிக்கா வேதாகமத்தின் மேல் கட்டப்பட்ட நாடு, அதன் அரசியலமைப்பிலேயே வசனங்கள் உண்டு என்றார். உண்மையா? (வாசகர், ஹற்றன்)

பதில்: வசனங்கள் இல்லை. 1787இல் எழுதப்பட்ட அந்த ஆவணத்தில் கடவுளின் பெயர்கூட இல்லை. கடைசியில் திகதி போடும் இடத்தில் மட்டும் 'நம் ஆண்டவரின் வருடம்' என்ற வழக்கச் சொல் வருகிறது. போதாததற்கு, எந்த அரச பதவிக்கும் மதச் சோதனை வைக்கக் கூடாது என்று அதன் 6ஆம் உறுப்புரை தடுக்கிறது.

ஆனாலும் பேச வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. மாநிலங்களைப் பார்த்தால் கதை வேறு. பென்சில்வேனியாவின் 1776 அரசியலமைப்பின்படி, சட்டசபைக்குத் தெரிவானவர் பழைய, புதிய ஏற்பாடுகள் தேவ ஏவுதலால் அருளப்பட்டவை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆசனத்தில் அமரலாம். டெலவெயர் அதே ஆண்டில் திரித்துவ விசுவாச அறிக்கையையும் சேர்த்துக் கேட்டது. முன்னது 1790இலும் பின்னது 1792இலும் அந்த நிபந்தனையைக் கைவிட்டன.

வேதாகமம் உண்மையில் பலமாக வேலை செய்தது பிரசங்க பீடத்திலும் துண்டுப் பிரசுரத்திலும்தான். 1776 ஜனவரியில், அமெரிக்கா பிரித்தானிய மன்னரிடமிருந்து பிரிய வேண்டும் என்று தோமஸ் பெயின் வெளியிட்ட பிரசுரம் 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தை எடுத்து மன்னராட்சியை அடித்தது. ராஜா வந்தால் உங்கள் குமாரரை ரதங்களுக்கு எடுப்பான், நல்ல வயல்களைப் பிடுங்குவான், விளைச்சலில் பத்திலொன்று வாங்குவான் என்று சாமுவேல் எச்சரிக்கும் இடம் அது. மன்னர் பக்கம் நின்ற போதகர்கள் ரோமர் 13ஐயும் 'ராஜாவைக் கனம்பண்ணுங்கள்' என்ற 1 பேதுரு 2:17ஐயும் காட்டினார்கள். இரு தரப்பின் கையிலும் இருந்தது ஒரே புத்தகம். இந்தப் பெயின்தான் பின்னாளில் வேதாகமத்தையே கடுமையாகத் தாக்கி எழுதினார் என்பதையும் அடுத்த கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: 'கடவுளும் வேதாகமமும் இல்லாமல் ஒரு நாட்டைச் சரியாக ஆள முடியாது' என்று ஜோர்ஜ் வொஷிங்டன் சொன்னதாக வட்ஸ்அப்பில் வருகிறது. சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா? (வாசகி, தலவாக்கலை)

பதில்: ஒட்ட வேண்டாம். அவர் எழுத்துகளில் அந்த வாக்கியம் கிடையாது. இப்படி ஏதாவது வந்தால் முதலில் திகதியையும், கடிதமா உரையா என்பதையும் கேளுங்கள். இரண்டும் இல்லாத மேற்கோளைப் பாதி பொய்யென்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத்தளத்தில் அதன் நாலைந்து ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துத் தேடுங்கள். வொஷிங்டனின் கடிதங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலமாக்கித் தேடினால் ஒன்றும் அகப்படாது, மூல வரியே வேண்டும்.

பலகைக்கு உண்மையான ஒன்று வேண்டுமென்றால், பிலடெல்பியாவின் சுதந்திர மணியில் பொறித்திருப்பது லேவியராகமம் 25:10: 'தேசமெங்கும் அதின் குடிகளுக்கெல்லாம் விடுதலை கூறக்கடவீர்கள்.'

கேள்வி: பதவியேற்கும்போது வேதாகமத்தில் கை வைப்பது கட்டாயமா? நம் நாட்டில் எப்படி? (வாசகர், பண்டாரவளை)

பதில்: அமெரிக்காவில் கட்டாயமில்லை. 1789 ஏப்ரல் 30இல் நியூயோர்க்கில் வொஷிங்டன் பதவியேற்றபோது பக்கத்திலிருந்த பிறீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்திலிருந்துதான் வேதாகமத்தை இரவல் வாங்கினார்கள். 1825இல் ஜோன் குவின்சி அடம்ஸ் சட்டப் புத்தகத்தில் கை வைத்தார். 1901இல் தியடோர் ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது வேதாகமமே இல்லை.

இலங்கையில் 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. பதவியேற்பு வாசகத்திலோ சத்தியம் செய்வது, உறுதியுரைப்பது (கடவுள் பெயரின்றி உறுதி சொல்வது) என்று இரண்டு வழியும் உண்டு. நீதிமன்றச் சாட்சிக்கு 1895ஆம் ஆண்டின் சத்தியங்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கிறிஸ்தவர் வேதாகமத்தின் மேல் சத்தியம் செய்வார். இந்து, பௌத்தர், முஸ்லிம் உறுதியுரைக்கலாம். சத்தியம் செய்ய மனச்சாட்சி இடம்கொடாதவரும் அப்படியே செய்யலாம்.

சிக்கல் வருவது சத்தியக்கடதாசியில். பழைய படிவத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது மேலே 'கிறிஸ்தவனாகிய நான் சத்தியம் செய்து' என்று இருக்கும், சமாதான நீதவான் ஒப்பமிடும் அடிப்பகுதியில் 'உறுதியுரைத்தார்' என்று விழுந்துவிடும். மறுதரப்புச் சட்டத்தரணி அதைப் பிடித்து ஆட்சேபிப்பார். ஆட்சேபனை தள்ளப்பட்டாலும் உங்களுக்கு ஒரு தவணை வீண். ஒப்பமிடுமுன் மேலும் கீழும் ஒரே சொல்தானா என்று பாருங்கள்.

கேள்வி: 'மலையின்மேல் இருக்கிற பட்டணம்' என்று அமெரிக்கத் தலைவர்கள் பெருமையாகப் பேசுகிறார்களே? (வாசகி, நானுஓயா)

பதில்: மத்தேயு 5:14: 'மலையின்மேல் இருக்கிற பட்டணம் மறைந்திருக்கமாட்டாது.' 1630இல் குடியேறிகளின் தலைவர் ஜோன் வின்த்ரொப் அதை எச்சரிக்கையாகத்தான் சொன்னார்: எல்லார் கண்ணும் நம்மேல் இருக்கிறது, தேவனுக்குத் துரோகம் செய்தால் உலகமே நம்மைப் பழிக்கும் என்று. இரவில் எதிர்மலை லயத்தில் எரியும் ஒற்றை விளக்கு இங்கிருந்தே தெரிவதைப் பார்த்தவர்களுக்கு 'மறைந்திருக்கமாட்டாது' என்பது விளங்கும்.

கேள்வி: தோட்டத் தலைவர்மாருக்கும் சபைக் கமிட்டிக்கும் தலைமைத்துவம் பற்றி வேதபாடம் நடத்த எந்தப் பகுதி நல்லது? (வாசகர், கொட்டகலை)

பதில்: உபாகமம் 17:14-20. ஏழே வசனம். ராஜா குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவிகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ச் சேர்க்கக் கூடாது. அதோடு நியாயப்பிரமாணத்தைத் தன் கையாலேயே பிரதி எழுதி, உயிருள்ள நாளெல்லாம் வாசிக்க வேண்டும். அப்பியாசக் கொப்பி கொடுத்து எல்லாரையும் அந்த ஏழு வசனத்தையும் எழுதச் சொல்லுங்கள், இருபது நிமிடம் போதும். வாசிக்கும்போது கண் தாண்டிப் போகும் சொற்கள் எழுதும்போது தட்டும்.

துணைக்கு யாத்திராகமம் 18:21ஐ வையுங்கள். பொருளாசையை வெறுப்பவராக மட்டுமல்ல, திறமையுள்ளவராகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. நம் கமிட்டித் தெரிவுகளில் இந்தத் 'திறமை' அடிக்கடி மறந்துபோகும்.

பாடம் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, 'அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியுங்கள்' என்று ரோமர் 13:1ஐ வாசித்துவிட்டு நிறுத்துவது. அதிகாரி இருப்பது உனக்கு நன்மை உண்டாகத்தான் என்ற 4ஆம் வசனம்வரை போக வேண்டும். மற்றது, உபாகமம் 17:15இல் அந்நியனை ராஜாவாக வைக்கக் கூடாது என்று வருவது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆசனங்கள் எடுத்த மறு ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் 'அந்நியன்' என்ற சொல்லை வாசித்துவிட்டுச் சும்மா கடக்க முடியாது. அந்தக் கட்டளை பெற்றவர்களுக்கே சொன்ன உபாகமம் 10:19ஐ உடனே வாசியுங்கள்: 'நீங்களும் எகிப்து தேசத்தில் அந்நியராயிருந்தபடியால், அந்நியரைச் சிநேகிப்பீர்களாக.' அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். பேச்சு நீளும்.