பழைய மேயர்ஸ் மேங்ஸ் கிட் காரை வீட்டு கராஜில் புதுப்பிக்க எங்கே தொடங்குவது?

பெயிண்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் பாடியைக் கழற்றுங்கள். கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் 1964-இல் உருவாக்கிய, மணலில் ஓட்டும் திறந்த வண்டி இது. பரவலாக விற்ற கிட்டில், அதாவது வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பில், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தட்டைச் சுமார் 36 செ.மீ. வெட்டிக் குறுக்கி, வெல்டிங் போட்டு ஒட்டவைத்து, மேலே ஃபைபர்கிளாஸ் பாடியை மாட்ட வேண்டும். அந்த வெல்டிங்கைப் பல வண்டிகளில் வாங்கியவர்களே போட்டார்கள். அதில் விரிசல் இருந்தால் தேர்ந்த வெல்டரிடமே கொடுங்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பேட்டரி வைக்கும் இடத்தில் துரு அரித்திருக்கும், அதையும் தட்டிப் பாருங்கள்.

அடுத்து வயரிங். ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. சாதாரண காரில் இரும்பு பாடியே எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. இதில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். விளக்கு மங்கலாக எரிந்தால் பல்பை மாற்றுவதற்கு முன் எர்த் வயரைச் சோதியுங்கள்.