கயிற்றின் மறுமுனையில் என்ன கட்டுவது?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு தனியார் நிதி நிறுவனக் கிளையில் வேலை செய்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ‘ஊழியர் ஒற்றுமை நாள்’. கொழும்பிலிருந்து பயிற்சியாளர் வருகிறார். கயிறிழுத்தல், மூன்று கால் ஓட்டம், கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து விழுவது, பற்றைக்குள் புதையல் தேடுவது என்று பெரிய நிகழ்ச்சி நிரல். வராதவர்களுக்கு ஒரு நாள் லீவு வெட்டப்படும். முகாமையாளர்தான் நடுவர். செயற்கைக் கால் போட்ட எங்கள் காசாளர் அண்ணை மட்டும் தப்பிவிட்டார். அவருக்குப் புள்ளி எழுதும் வேலை. இதனால் ஒற்றுமை வருமா? அல்லது காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நிற்கவா?
ஒரு வாசகி, பரந்தன்

பதில்: காய்ச்சல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சலை யாரும் நம்புவதில்லை.

முதலில் சட்டம். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் உங்கள் வேலை நேரத்தை வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்து, வாரத்தில் ஒன்றரை நாளைச் சம்பளத்துடன் விடுமுறையாகவும் தந்திருக்கிறது. வராவிட்டால் லீவு வெட்டுவோம் என்று சொல்லி அழைத்தால் அதற்குப் பெயர் விளையாட்டு அல்ல, வேலை. வேலை என்றால் பதில் விடுமுறை கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், நாலைந்து பேர் கையொப்பமிட்டுக் கேளுங்கள். அந்தக் கடிதத்துக்கு நாலு கையொப்பம் சேர்கிறதா என்று பார்த்தாலே உங்கள் கிளையின் ஒற்றுமை எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பயிற்சியாளருக்குக் கொடுக்கும் காசும் மிச்சம்.

அடுத்தது அந்தப் புதையல். பற்றைக்குள் போகாதே, கீழே கிடக்கும் தெரியாத பொருளைத் தொடாதே என்று பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்து ஒரு தலைமுறையை வளர்த்த மண் இது. மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. இங்கே பொருளை ஒளித்துவைத்துவிட்டு, ஓடிப்போய்த் தேடி எடு என்கிறார்கள். கொழும்பில் இருந்து நிரல் எழுதியவருக்கு இது தோன்றாமல் போயிருக்கலாம். அதை வாசித்துச் சரி என்று அனுப்பிய கிளிநொச்சிக்காரருக்கும் தோன்றவில்லையே! அந்த ஒன்றை மட்டும் யாரிடமும் அனுமதி கேட்காமல் மறுத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கயிறிழுத்தால் ஒற்றுமை வருமா?

நீங்கள் கேட்பதற்கு முன்பே இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண்மைப் பொறியியலாளர் ஆட்களைக் கயிறிழுக்க வைத்து அளந்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். ஆட்கள் சேரச் சேர ஒவ்வொருவரும் இழுப்பது குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்குப் பாதிப் பலம்தான் வெளியே வந்தது. மற்றவர் இழுப்பார் என்ற எண்ணத்துக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் அலுவலகத்தில் நிலுவைக் கோப்பு மேசை மேசையாக நகர்வதைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு சோதனை இதைவிடச் சுவையானது. உங்கள் சட்டம் வந்த அதே 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை ஒரு கோடைக்கால முகாமில் இரண்டு குழுவாகப் பிரித்து, பரிசு வைத்து மோதவிட்டார். கயிறிழுத்தலும் அதில் ஒன்று. சில நாட்களுக்குள் ஒரு குழு மற்றக் குழுவின் கொடியை எரித்தது. குடில்களுக்குள் புகுந்து கலைத்தார்கள். சேர்ந்து சாப்பிடுங்கள் என்று ஒரே மண்டபத்தில் விட்டபோது உணவை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். பிறகு ஆய்வாளர்களே முகாமுக்கு வரும் தண்ணீரை நிறுத்தினார்கள், சாப்பாடு எடுத்துவரும் லொறி கிளம்பவில்லை என்றார்கள். பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எந்தக் கயிற்றால் முன்பு ஒருவரை ஒருவர் இழுத்தார்களோ அதே கயிற்றை லொறியில் கட்டி, இரண்டு குழுவும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். பகை தணியத் தொடங்கியது இப்படியான வேலைகளில்தான். உங்கள் பயிற்சியாளர் பெட்டியில் கொண்டுவருவது மோதவிட்ட நாட்களின் கயிறு.

இதற்கு ஒக்லஹோமா வரை போயிருக்கவே வேண்டாம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டில் விவசாயிகளின் சிறுபோகக் கூட்டத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். சத்தம் போடாத ஆள் இருக்காது. ஆனாலும் இருக்கிற தண்ணீருக்கு இத்தனை ஏக்கர் என்று முடிவாகும். அதை மீறி விதைப்பவரும் உண்டு, அவரை வாய்க்கால் வரம்பில் மறித்துக் கேட்பவரும் உண்டு. அங்கே யாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக விழுந்து நம்பிக்கை பழகவில்லை. மேல் வாய்க்கால்காரர் இரவில் வந்து மதகைத் திறப்பதில்லை என்று பல போகம் பார்த்த பிறகு வந்த நம்பிக்கை அது. உங்கள் முகாமையாளர் மாத இலக்கை எட்டாத ஊழியரை எல்லோர் முன்னிலையிலும் ஏசாமல் ஆறு மாதம் இருந்து காட்டினால், ஒருவரும் விழத் தேவையில்லை.

விளையாட்டுக்கு நான் எதிரி அல்ல. வெயில் ஏறுமுன் முடிகிற, வெட்கப்படாமல் ஆடக்கூடிய, விருப்பமில்லாதவர் வேப்பமர நிழலில் இருந்து சிரிக்கக்கூடிய விளையாட்டு என்றால் நானே வருவேன்.

ஆனால் கோபம் முழுவதையும் முகாமையாளர்மேலேயே கொட்டிவிட எனக்கு மனமில்லை. கடிதத்தில் லீவு வெட்டுவதைப் பற்றி எழுதினீர்கள், ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதினீர்கள். காசாளர் அண்ணையைப் பற்றி எழுதியது ‘தப்பிவிட்டார்’ என்பது மட்டும். தப்பினார் என்று அவர் சொன்னாரா, நீங்கள் சொல்கிறீர்களா? ஊழியர் ஒற்றுமை நாளில் ஓர் ஊழியரைக் கோட்டுக்கு வெளியே கதிரை போட்டு இருத்துகிறார்கள். அதில் உங்களுக்குத் தெரிந்தது அவருடைய அதிர்ஷ்டம் மட்டும்தான்.

அமர்ந்து ஆடும் கரப்பந்து என்று ஒன்று இருக்கிறது. 1980இலிருந்து பாராலிம்பிக் போட்டியில் இருக்கிறது. ஆடுகளம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். பெண்களுக்கான வலை 1.05 மீட்டர் உயரம்தான். பந்தைத் தொடும்போது உடல் நிலத்தைவிட்டு எழும்பக் கூடாது. இரண்டு காலும் உள்ளவர்கள் முதல் அரை மணித்தியாலம் தடுமாறுவார்கள், அதைப் பார்க்கவே ஒரு பட்டாளம் கூடும். விசிலைப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு முகாமையாளரும் நிலத்தில் இருக்கட்டும்.

ஆனால் இதை நிரலில் சேர்க்கச் சொல்லுமுன் அண்ணையிடம் கேளுங்கள். கரப்பந்து வேண்டாம், புள்ளி எழுதுவதே பிடிக்கும் என்று அவர் சொன்னால், கொப்பியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.