தொழிலாளி பக்கம் இருந்து கம்பெனி பக்கம் – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் கொழிஞ்சாம்பாறை பக்கம். 16 வருஷமா கோயமுத்தூர்ல ஒரு சீனியர் வக்கீல் ஆபீஸ்ல லேபர் கேஸ் மட்டுமே பாத்துட்டு இருக்கேன், எல்லாமே தொழிலாளி சைடு. இப்ப எர்ணாகுளத்துல ஒரு பெரிய லா ஃபர்ம்ல இருந்து கூப்பிடறாங்க, லேபர் டீம் புதுசா ஆரம்பிக்கறாங்களாம், கிளையன்ட் பெரும்பாலும் கம்பெனிங்கதான். ஒரு பெரிய யூனியன்ல இருக்கற என் தாய்மாமா இதைக் கேட்டதுல இருந்து பேசறதே இல்ல. "இத்தனை நாள் சோறு போட்டவங்களுக்கு எதிராவா நிப்பே"ன்னு ஒரே வார்த்தைதான். சீனியருக்கும் மனசு சரியில்ல, என் கேஸ்காரங்க சிலபேர் என்கூடவே வரேங்கறாங்க, அது வேற சங்கடம். கஞ்சிக்கோட்டுல கம்பெனி வேலை பாத்தவர் நீங்க, ரெண்டு பக்கமும் தெரியும். போலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போங்க அம்மிணி. ஆனா உங்க மாமா கேக்கற கேள்வி வேற, நீங்க கவலைப்பட வேண்டிய விஷயம் வேற, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க.

நான் டைம் ஆபீஸ்ல இருந்தப்ப கம்பெனி சாட்சியா கூண்டுல ஏறினவன். வேலையை விட்டு நிறுத்தின ஒரு ஆளு, ஒரு வருஷத்துல 240 நாள் வேலை பாக்கல, அதனால அவனுக்கு ஒண்ணும் தர வேண்டியதில்லன்னு கம்பெனி சொல்லுது. யார் எந்த நாள் வேலைக்கு வந்தாங்கன்னு எழுதற மஸ்டர் ரோலை நான்தான் தூக்கிட்டு போனேன். எதிர் வக்கீல் சத்தம் போடல, மிரட்டல, ரெஜிஸ்டரை என் கைலயே குடுத்து மாசாமாசம் வாசிக்கச் சொன்னார், சிவப்பு மைல டபிள்யூஓ-ன்னு போட்டிருக்கே அது என்னங்க, வாராந்திர லீவுங்க, அதுக்கு கூலி உண்டுங்களா, உண்டுங்க, சரி அப்ப அதையும் சேத்து எண்ணுங்கன்னார். நானும் எண்ண எண்ண 240 தாண்டிப் போயிடுச்சு. சம்பளம் குடுத்த ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் வேலை பாத்த நாள் கணக்குலதான் வரும்னு 1985லயே அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு வேண்டியது. மத்தியானம் வெளிய டீக்கடைல எங்க கம்பெனி வக்கீல் பர்சனல் மேனேஜரை உக்கார வெச்சு, "தொழில் தகராறு சட்டம் 25எஃப் பிரிவுப்படி ஒரு மாச நோட்டீஸ் இல்ல, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் கணக்குப் போட்டு குடுக்கல, இதை வெச்சுக்கிட்டு நிக்கவே முடியாது, ஆளை உள்ள எடுத்துக்குங்க"ன்னார். இதையே யூனியன்காரர் சொல்லியிருந்தா மேனேஜர் ஆபீஸ் கதவைக்கூட தொறந்திருக்க மாட்டார், காசு வாங்கற வக்கீல் சொன்னதால கேட்டார், அந்த ஆளும் வேலைக்குத் திரும்பினான். அந்த வக்கீலும் அதுக்கு முன்ன வருஷக்கணக்கா யூனியன் கேஸ் பாத்தவர்தான், கேஸ் எங்க உடையும்னு தெரிஞ்சது அதனாலதான்.

அதுக்காக எல்லா ஃபர்மும் இதுக்குத்தான் உங்கள கூப்பிடுதுன்னு நான் சொல்ல வரல. தொழிலாளி எங்க தளர்வான்னு உங்களுக்கு அத்துபடி, அதையே விலைக்கு கேக்கறவங்களும் இருக்காங்க. லேபர் கோர்ட்டுல ஜெயிச்சவனை ஹைகோர்ட்டுக்கு இழுத்து, அங்க கேஸ் நடக்கற வரைக்கும் அதே சட்டம் 17பி பிரிவுல குடுக்க வேண்டிய மாசச் சம்பளத்தையும் குடுக்காம வாய்தா மேல வாய்தா வாங்கி, அவன் சலிச்சுப்போய் கையெழுத்து போடற வரைக்கும் விடாம இருக்கறது. உங்க வேலை அதுதான்னு ஆச்சுன்னா மூணே மாசத்துல தெரிஞ்சிடும், அப்ப வெளிய வந்துடுங்க, அதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

இப்ப ஏன் உங்களமாதிரி ஆளுங்களுக்கு கிராக்கின்னா, நவம்பர் 21, 2025ல நாலு லேபர் கோடும், அதாவது புது தொழிலாளர் சட்டத் தொகுப்புங்க, அமலுக்கு வந்துடுச்சு, 29 பழைய சட்டம் அதுக்குள்ள போயிடுச்சு. நீக்கினதை எதிர்த்து தொழிலாளி நேரா கோர்ட்டுக்குப் போக இருந்த 3 வருஷம் இப்ப 2 வருஷம். ஆளைக் குறைக்க அரசாங்கத்துகிட்ட அனுமதி வாங்கணும்ங்கற கட்டாயம் 100 பேர் வேலை பாக்கற இடத்துல இருந்து 300 பேர் வேலை பாக்கற இடத்துக்கு போயிடுச்சு. அலவன்ஸ் எல்லாம் சேத்து மொத்தத்துல பாதிக்கு மேல போனா, தாண்டினது சம்பளக் கணக்குல ஏறிடும், அதனால கிராஜுவிட்டியும் ஏறும், கம்பெனிக்காரங்களுக்கு வயித்துல புளி கரைக்கறது இதுதான். புதுசா வர்ற பசங்க லேபர் கோடை மனப்பாடம் பண்ணிடுவாங்க, ஆனா பழைய சட்டத்துல போட்ட கேஸ் இன்னும் வருஷக்கணக்குல ஓடும், அதை கைல எடுத்து நடத்தினவங்க வேணும்.

நீங்க கவலைப்பட வேண்டியது பழைய ஃபைலுங்க. பார் கவுன்சில் விதிப்படி ஒருத்தருக்கு நீங்க பெட்டிஷன் எழுதிக் குடுத்திருந்தா அதே விஷயத்துல எதிராளிக்கு ஆஜராகவே கூடாது, அவங்க உங்ககிட்ட நம்பிச் சொன்னதை ஆபீஸ் மாறினாலும் வெளிய விடக்கூடாது. அதனால சேர்ற அன்னைக்கே கம்பெனிங்களுக்கு எதிரா நீங்க நடத்தின கேஸ் லிஸ்டை எழுதி ஃபர்ம்ல குடுத்து, இதுல எதுலயும் என்னை இழுக்காதீங்கன்னு எழுத்துல வாங்கிக்குங்க. உங்ககூட வரேங்கற கேஸ்காரங்களை நீங்களா கூப்பிடாதீங்க, அவங்களா வந்தாலும் அந்த ஃபர்ம் தொழிலாளி கேஸ் எடுக்குமான்னு முதல்ல கேளுங்க, எடுக்கும்னா சீனியர்கிட்ட நோ அப்ஜெக்ஷன் வாங்கித்தான் வக்காலத்து போடணும். ஃபைல் கேஸ்காரனோட சொத்து, ஃபீஸ் பாக்கின்னு கூட வக்கீல் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு 2000த்துல ஆர்.டி. சக்சேனா கேஸ்ல தீர்ப்பே இருக்கு. வர முடியாதவங்க ஒவ்வொருத்தருக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. வேலந்தாவளத்துல இருந்து பஸ் புடிச்சு, பே ஸ்லிப்பும் ஈஎஸ்ஐ கார்டும் ஜவுளிக்கடை கவர்ல சுருட்டிக்கிட்டு வர்ற மனுஷன் கோர்ட் வாசல்ல நின்னு நீங்க இல்லன்னு தெரிஞ்சுக்கக் கூடாது. மாமா துரோகம்ங்கறாரே, அது இங்கதான் நடக்கும், கம்பெனிக்கு ஆஜராகறதுல இல்ல.

தமிழ்நாட்டுல என்ரோல் பண்ணிட்டு கேரளாவுல ஆஜராகலாமான்னு வேற சிலபேர் எனக்கு எழுதறாங்க. ஆகலாம், 2011ல இருந்து அட்வகேட்ஸ் சட்டம் 30வது பிரிவு அமல்ல இருக்கு.

இன்னொண்ணு, இதை நினைச்சா எனக்கு சிரிப்புதான் வருது. ஃபர்ம்ல உங்களுக்கு சம்பளம்னு போட மாட்டாங்க, ரிடெய்னர்னு ஃபீஸ் கணக்குலதான் போடுவாங்க, வக்கீல் முழுநேர சம்பள வேலைல இருக்கக்கூடாதுன்னு விதி. அப்படிப் போட்டா பெரும்பாலும் பிஎஃப் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. 16 வருஷமா ஊரான் கிராஜுவிட்டிக்கு சண்டை போட்டவங்க நீங்க, உங்க லெட்டர்ல எத்தனை மாச நோட்டீஸ், பிரசவ லீவு, உடம்பு முடியலன்னா என்னன்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதி வாங்குங்க, கூச்சப்படாதீங்க.

மாமாகிட்ட நான் பேசிப் பாக்கறேன். அதுக்குள்ள அவர் திரும்ப ஆரம்பிச்சார்னா, அவங்க யூனியன் ஆபீஸ்ல டைப் அடிக்கற பொண்ணுக்கு பிஎஃப் கட்டறாங்களான்னு மட்டும் கேட்டுப் பாருங்க.