டைமிங்கில் கை வைக்கும் முன்

கேள்வி: பழைய 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கி ஃபைபர் படகில் ஓட்டிவருகிறேன். இரண்டு சிலிண்டர், கயிறு இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். போன மாதம் முகத்துவாரத்தில் புரொப்பெல்லர் மணல்திட்டில் முட்டி மோட்டார் சட்டென்று நின்றுவிட்டது. அன்றிலிருந்து கயிற்றை இழுத்தால் கையைப் பிடுங்குவதுபோலத் திருப்பி இழுக்கிறது. ஓடும்போதும் பழைய இழுவை இல்லை. ஒரு மெக்கானிக் டைமிங் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "டைமிங் சரியாக இருக்கிறது, சிடிஐ போய்விட்டது, 14,000 ரூபாய் ஆகும்" என்கிறார். இன்னொருவர், "டைமிங்தான் கலைந்திருக்கிறது, திருகிச் சரிசெய்துவிடலாம்" என்கிறார். யாரை நம்புவது? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: இப்போதைக்குப் பணத்தையும் எடுக்காதீர்கள், திருகையும் தொட விடாதீர்கள். மோட்டாரின் தலையில் சுழலும் கனமான சக்கரமான பிளைவீலைக் கழற்றி அதன் சாவியைப் பார்க்கச் சொல்லுங்கள். (டைமிங் என்பது பிளக்கில் பொறி விழும் நேரம். சிடிஐ அந்தப் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. டைமிங் லைட், பொறி விழும்போதெல்லாம் மின்னி பிளைவீலின் கோட்டைக் காட்டும் விளக்கு.)

மெக்கானிக்குகள் 'கீ' என்று சொல்லும் அந்தச் சாவி, அரைநிலா வடிவில் விரல் நகம் அளவில் இருக்கும் ஓர் இரும்புத் துண்டு. பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் கூம்பு முனையில் வெட்டிய பள்ளத்தில் பாதியும், பிளைவீலின் பள்ளத்தில் பாதியுமாக உட்கார்ந்திருக்கும். பிளைவீல் எந்த நிலையில் பொருந்த வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். புரொப்பெல்லர் முட்டி கிராங்க் நின்ற நொடியில், கனமான பிளைவீல் சுற்றிக்கொண்டிருந்த வேகத்தில் சற்று முன்னே நகர்ந்திருக்கும். நட்டு போதிய இறுக்கத்தில் இல்லாவிட்டால் இது இன்னும் எளிதாக நடக்கும். சாவி முழுதாக அறுந்துபோக வேண்டியதில்லை. அதன் நடுவில் சிறிய படி ஒன்று விழுந்திருந்தாலே போதும். ஷாஃப்ட் அந்த இடத்தில் 25 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், 1 மில்லிமீட்டர் நகர்வு என்பது ஏறத்தாழ நாலரை டிகிரி.

நாலரை டிகிரி என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். பிளக்கில் பொறி விழுந்ததும் கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் மோட்டாரில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமே 12 மில்லி விநாடிதான். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரி முன்பாகவே பொறியை விழவைக்கிறார்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கிய பிறகு அழுத்தம் உச்சத்துக்கு வந்தால்தான் அது கிராங்கைத் தள்ளும். பொறி முந்திவிட்டால், ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனையே அந்த அழுத்தம் கீழே அமுக்கும். உங்கள் கையைப் பிடுங்கியது அந்த அழுத்தம்தான்.

சரி, டைமிங் லைட் ஏன் சரியென்று காட்டியது? பலரும் ஏமாறும் இடம் இது. பொறியைத் தூண்டும் காந்தமும் பிளைவீலில்தான் இருக்கிறது, டிகிரிக் கோடுகளும் பிளைவீலில்தான் இருக்கின்றன. பிளைவீல் நகர்ந்தால் இரண்டும் சேர்ந்தே நகரும். லைட் இந்த இரண்டையும்தான் ஒப்பிடுகிறது; பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே உங்கள் மெக்கானிக் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு படி விட்டுவிட்டார், அவ்வளவுதான். லைட் அடிப்பதற்கு முன், முதல் சிலிண்டரின் பிளக் துளையில், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து பிஸ்டனின் உண்மையான உச்சியைக் கண்டுபிடித்து, அப்போது பிளைவீலின் உச்சிக் கோடு முள்ளுக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

டயல் கேஜ் இல்லையென்றால், பிளக் துளையில் திருகிப் பொருத்தும் 'ஸ்டாப்' ஒன்றை வைத்து, பிளைவீலைக் கையால் மெல்ல ஒரு பக்கம் சுற்றி பிஸ்டன் முட்டும் இடத்தில் ஒரு கோடு, மறுபக்கம் சுற்றி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு போடலாம். இரண்டுக்கும் நடுவே இருப்பது உச்சி. குச்சியை விட்டுத் தோராயமாகப் பார்ப்பது போதாது. உச்சியை ஒட்டிப் பல டிகிரிக்கு பிஸ்டன் அசைவது கண்ணுக்கே தெரியாது.

பிளைவீலைக் கழற்றப் புல்லர் வேண்டும். ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் அடித்துக் கழற்றுபவரிடம் மோட்டாரைக் கொடுக்காதீர்கள். புதிய சாவியின் விலை சிடிஐ விலைக்கு அருகில்கூட வராது. மாட்டும்போது கூம்புப் பகுதி இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்திருக்க வேண்டும், நட்டை டார்க் ரெஞ்சு வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். 'கைக்கணக்கு' இறுக்கம்தான் அடுத்த சாவியையும் அறுக்கும்.

சாவி நல்ல நிலையில் இருந்தால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். சிடிஐ வகை மோட்டாரில் டைமிங் தானாகக் கலையாது. கலைந்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: ஆக்சிலேட்டரோடு சேர்ந்து அசையும் காயில் தட்டு உப்பில் இறுகியிருக்கலாம், இணைப்புக் கம்பியின் முனை தேய்ந்திருக்கலாம், அல்லது டைமிங்கின் எல்லையை நிறுத்தும் ஸ்டாப் திருகை யாரோ ஏற்கெனவே நகர்த்தியிருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் திருகைச் சுற்றினால் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைத்ததாகிவிடும். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும், அதாவது பிஸ்டன் கலவையை அமுக்கும் அழுத்தத்தையும், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் இழுவைக் குறைவுக்கு டைமிங் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். சிடிஐயை எல்லாம் பார்த்த பிறகு கடைசியாக மாற்றுங்கள். மின்பாகங்களைப் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: என் மோட்டார் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி கூட்டி வைத்தால் வேகம் கூடும், எண்ணெயும் மிச்சமாகும் என்று கரையில் எல்லோரும் சொல்கிறார்கள். செய்யலாமா? (ராமநாதபுரம் மாவட்ட வாசகர்)

பதில்: டைமிங்கைக் கூட்டுவது என்றால் பொறியை இன்னும் முன்னதாக விழவைப்பது. செய்யாதீர்கள். குறிப்பாக மண்ணெண்ணெயில் ஓடும்போது செய்யவே செய்யாதீர்கள்.

பெட்ரோலைவிட மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், குறைவு. அழுத்தமும் சூடும் கூடினால், பிளக்கிலிருந்து பரவும் தீ வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். அதனால்தான் மண்ணெண்ணெய்க்கென்று செய்த மோட்டார்களில் கம்ப்ரஷனைக் குறைத்து வைக்கிறார்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். இந்த நிலையில் டைமிங்கைக் கூட்டுவது, விளிம்பில் நிற்பவரைத் தள்ளுவதற்குச் சமம். மோட்டார் சைக்கிளில் 'டக் டக்' என்று கேட்கும் தட்டல் ஓசை, கடலில் இரைச்சலோடு ஓடும் மோட்டாரில் காதுக்கே எட்டாது. பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும். கரையிலிருந்து பத்து மைல் வெளியே அது நடந்தால் பணக் கணக்கு இரண்டாம் பட்சம். உயிரோடு திரும்புவதுதான் முதல் கவலை.

ஏற்கெனவே யாராவது கூட்டி வைத்துவிட்டார்களோ என்று சந்தேகம் இருந்தால் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். நுனியில் இருக்கும் வெள்ளைப் பீங்கான்மீது மிளகுத்தூள் தூவியதுபோலப் பொடிப் புள்ளிகள் இருக்கின்றனவா? அவற்றில் சில வெள்ளிபோல மின்னுகின்றனவா? அது பிஸ்டனிலிருந்து உரிந்துவந்த அலுமினியம். அன்றைக்கே கடலுக்குப் போவதை நிறுத்துங்கள்.

ஆயிலையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். டப்பாவில் 'டிசி-டபிள்யூ3' என்று போட்டிருப்பதுதான் அவுட்போர்டு ஆயில். அது எரிந்தால் சாம்பல் தங்காது. ஸ்கூட்டருக்கான 2டி ஆயில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஊற்றினால், அதன் சாம்பல் பிஸ்டனில் படிந்து கனன்று, பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கலாம். டைமிங்கைக் கூட்டி வைத்ததுபோன்ற சேதம்தான் அதிலும் வரும்.

கேள்வி: சொந்தமாக ஒரு டைமிங் லைட் வாங்க நினைக்கிறேன். விலை கூடியதில் டிகிரியைத் திருப்பி அமைக்கும் வசதி இருக்கிறதாம். எது நல்லது? (கடலூர் வாசகர்)

பதில்: திருப்பும் வசதி இல்லாத எளிய லைட்டே போதும். டிகிரி திருப்பும் வகை பெரும்பாலும் கார்களின் ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சினை மனத்தில் வைத்துச் செய்தது. அதில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விழும் என்பதால், அதற்கெனத் தனி அமைப்பு இல்லாத லைட் தவறான எண்ணைக் காட்டும். லைட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். கயிற்று மோட்டாருக்குப் பேட்டரி இருக்காது, தனியாக ஒன்று கொண்டுபோக வேண்டும்.

வாங்குவதற்கு முன் உங்கள் மாடலின் சேவைக் கையேட்டைத் தேடிப் பெறுங்கள். முழு அட்வான்ஸ் எண், அதாவது முழு வேகத்தில் பொறி உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னால் விழ வேண்டும் என்ற அளவு, மாடலுக்கு மாடல் மாறும். பக்கத்துப் படகின் எண் உங்களுக்கு ஆகாது. பரிசோதனையின்போது மூடி திறந்திருக்கும், தலைக்கு நேரே பிளைவீல் சுழலும். தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் வேண்டாம். தண்ணீர்க் குழாயை மாட்டி சுமை இல்லாமல் முழு வேகத்துக்கு முடுக்கவும் கூடாது.

கேள்வி: நன்றாக ஓடிய மோட்டாரைச் சாதாரண சர்வீசுக்கு விட்டேன். நான் கேட்காமலேயே "டைமிங் வைத்திருக்கிறேன்" என்று சொல்லிக் கூடுதல் பணம் வாங்கினார்கள். மூன்றாவது நாள் பிஸ்டன் ஓட்டையாகிவிட்டது. "கடல் தொழிலுக்கு ஓட்டுகிற மோட்டார், நுகர்வோர் வழக்கு செல்லாது" என்று பட்டறையில் சொல்கிறார்கள். உண்மையா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது சரிதான். ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே பொருளை வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அந்தத் தடை பொருந்தாது என்றும் அதே சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. நீங்களே படகில் போய் மீன்பிடித்து வாழ்கிறீர்கள் என்றால் அந்தப் பாதுகாப்பை நீங்கள் கோரலாம். நான்கைந்து படகுகளை ஆள் வைத்து ஓட்டுபவர் என்றால் எதிர்த்தரப்பு இந்த வாதத்தை வலுவாக எடுக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: மோட்டாரை அதே பட்டறையில் மறுபடி கழற்ற விடாதீர்கள். ஸ்டாப் திருகு நிற்கும் நிலை, பிளைவீல் கோடுகள், ஓட்டை விழுந்த பிஸ்டன், இரண்டு பிளக்குகள் ஆகியவற்றைத் தெளிவாகப் படம் எடுங்கள். பிஸ்டனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. மோட்டார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற வேறொரு சர்வீஸ் மையத்தில் அட்வான்ஸ் எத்தனை டிகிரியில் இருக்கிறது, கையேட்டில் எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். பில்லில் 'டைமிங் சரிசெய்தது' என்ற வரி இருந்தால் உங்கள் பக்கம் பலம். இல்லையென்றால் பணம் அனுப்பிய பதிவையும் அவர்களோடு நடந்த செய்திப் பரிமாற்றத்தையும் எடுத்து வையுங்கள்.

பிறகு ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியோடு ஒரு கடிதம் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். கடலுக்குப் போகாத நாட்களின் இழப்பையும் கேளுங்கள். அதற்கு மீன் ஏலம் விட்ட சீட்டுகள் உதவும்.

கேள்வி: பழவேற்காடு ஏரியில் ஓட்டுவதற்கு, பாயிண்ட் வகைப் பழைய எவின்ரூட் மோட்டார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? (திருவள்ளூர் மாவட்ட வாசகர்)

பதில்: விலை குறைவாக இருந்து, நீங்களே கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ளத் தயார் என்றால் வாங்கலாம். எவின்ரூட் மோட்டார் தயாரிப்பு 2020இல் நின்றுவிட்டது. உதிரி பாகங்களைப் பிற தயாரிப்பாளர்களிடம்தான் தேட வேண்டியிருக்கும். பாயிண்ட், கண்டென்சர், காயில் மூன்றும் உங்கள் ஊரில் எத்தனை நாளில் கிடைக்கும் என்று விசாரித்த பிறகு விலை பேசுங்கள்.

டைமிங் தானாகக் கலையாது என்று சிடிஐக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது. இதில் பொறியை விழவைப்பது, திறந்து மூடும் பாயிண்ட் என்ற சிறிய தொடுமுனை. பாயிண்டின் உரசும் பகுதி தேயத் தேய இடைவெளி குறைந்து, பொறி மெல்ல மெல்லத் தாமதமாகும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து பொறி முந்தும். அந்த நிறுவனத்தின் பழைய மேக்னெட்டோ மோட்டார்கள் பலவற்றில் பாயிண்டுக்கு 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் இடைவெளி. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் எண்ணெயில்லாமல் துடைத்திருக்க வேண்டும். பாயிண்டில் எண்ணெய் பட்டால் அது கருகிப் பொறியைக் கெடுக்கும்.

பேரம் முடிக்கும் முன் விற்பவர் எதிரிலேயே பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள், பிளைவீல் நட்டின் முனைகள் சுத்தியல் அடியில் மழுங்கியிருக்கின்றனவா என்று கவனியுங்கள், தண்ணீரில் இறக்கிக் குளிர்ந்த நிலையில் உங்கள் கையாலேயே கயிறு இழுத்துக் கிளப்புங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். தன் மோட்டாரை ஒரே ஒருமுறை விற்கும் தனிநபர் வணிகர் ஆகமாட்டார். பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம். மோட்டாரின் தொடர் எண், தொகை, 'இயங்கும் நிலையில் விற்கப்பட்டது' என்ற வரி மூன்றும் இருக்கும்படி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.