லேபர் வார்டில் டூலா துணை: மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

திருமங்கலம், எட்டாம் மாதம்: தலைப்பிரசவம். அம்மா இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க. டூலான்னு இன்னொருத்தர் எதுக்கு?

நர்ஸ் ஒரே நேரத்தில் பல பேரைப் பார்க்க வேண்டியவர். ஷிஃப்ட் முடிந்தால் மாறியும் விடுவார். அம்மாவுக்கோ நீங்கள் கத்தினாலே கண் கலங்கிவிடும். டூலா என்பவர் வலி பிடித்ததிலிருந்து குழந்தை பால் குடிக்கும்வரை உங்களை விட்டு நகராமல் இருப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர். மூச்சுவிடச் சொல்லித் தருவது, நடக்க வைப்பது, இடுப்பைப் பிடித்துவிடுவது, டாக்டர் சொன்னதைப் புரியும்படி திரும்பச் சொல்வது, இவ்வளவுதான் அவர் வேலை. உள்பரிசோதனை செய்யக் கூடாது, மருந்து தரக் கூடாது. அதையும் செய்கிறேன் என்பவரை அமர்த்தாதீர்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட தொகுப்பு 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியிருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது.

உசிலம்பட்டி: அரசு ஆஸ்பத்திரியில உள்ள விடுவாகளா?

பிரசவ அறையில் துணைக்கு ஒருவரை அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு 2016-ல் வழிகாட்டுதல் தந்தது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-ல் வந்த லக்ஷ்யா திட்டமும் அதை வலியுறுத்துகிறது. துணைக்கு வருபவர் பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண்ணாக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடையில் வர வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு யோசனை சொல்லப் போகக் கூடாது.

ஒருவர்தான் என்றால் அம்மாவா டூலாவா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அம்மாதான் என்றால், 34-ஆம் வாரத்துக்கு மேல் இரண்டு மூன்று தடவை டூலா வீட்டுக்கு வந்து, இடுப்பைப் பிடித்துவிடும் முறையை அம்மாவின் கைக்குப் பழக்கிவிடலாம்.

தனியார் மருத்துவமனையில் 32-ஆம் வாரத்துக்குள் டாக்டரிடமே நேரில் கேளுங்கள். ரிசப்ஷனில் தலையாட்டியது கணக்கில் வராது. சம்மதித்தால் உங்கள் ஃபைலில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு இருக்கும் டியூட்டி டாக்டருக்கு நீங்கள் பேசிவைத்தது தெரியாது. பெரும்பாலும் டூலா வாசலில் நிற்க நேர்வது இதனால்தான்.

மேலூர்: சூட்டு வலியா, பிரசவ வலியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எப்ப கிளம்பணும்?

சீரகத் தண்ணீர் குடித்துப் பார்ப்பது நம் வீட்டு வழக்கம். தாராளமாகக் குடிக்கலாம், குடித்துவிட்டு ஒரு மணி நேரம் இடது பக்கமாகப் படுங்கள். சூட்டு வலி, அதாவது பொய் வலி, அடங்கும். பிரசவ வலி அடங்காது, இடைவெளி சுருங்கும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கூடும். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம்; வயிற்றுப்போக்காகி உடம்பு நீர் வற்றிப்போகும்.

5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படி 1 மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம் என்பது ஊருக்குள் இருப்பவர்களுக்கான கணக்கு. மேலூரிலிருந்து மதுரைக்கு வர வேண்டுமென்றால் 7, 8 நிமிடமாக இருக்கும்போதே கிளம்புங்கள். இரண்டாவது பிள்ளை என்றால் இன்னும் முந்தி.

பனிக்குடம் உடைந்தால், ரத்தம் போனால், குழந்தையின் அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால் வலிக்காகக் காத்திருக்கவே கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால் குழந்தை உள்ளேயே மலம் போயிருக்கிறது. டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

சித்திரைத் திருவிழாவை ஒட்டி நாள் குறித்திருந்தால் இன்னொன்று. அழகர் மூன்றுமாவடி, தல்லாகுளம் வழியாக வைகைக்கு வரும் நாட்களில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. பெரியாஸ்பத்திரியில் (அரசு ராஜாஜி மருத்துவமனை) பதிந்திருப்பவர்கள் இரண்டு நாள் முன்பே பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது.

வில்லாபுரம், கணவர்: இடுப்பு வலிக்கு எங்க அழுத்தணும்? கை வச்சாலே எரிச்சல்படுறா.

நீங்கள் தேய்க்கிறீர்கள் தம்பி. வியர்வையில் தேய்த்தால் தோல் எரியும். பிட்டப் பிளவுக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்தில் தட்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். வலி ஏறத் தொடங்கும்போதே உள்ளங்கையின் அடிப்பாகத்தை அங்கே பதித்து, முழங்கையை மடக்காமல், உங்கள் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். வலி இறங்கும்வரை கையை எடுக்கவே கூடாது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகும். நடுவில் எடுத்தால் வலி மொத்தமாகத் தாக்கும்.

அவர் கட்டில் விளிம்பில் கையூன்றிக் குனிந்து நிற்கட்டும். அப்போது இரண்டு கையையும் இடுப்பின் இரு பக்கச் சதையில் வைத்து உள்நோக்கி, கொஞ்சம் மேலாக நெருக்கினாலும் சுகமாக இருக்கும். குழந்தையின் பின்னந்தலை அம்மாவின் முதுகுப் பக்கம் இருந்தால் இந்த வலி கூடும். மண்டியிட்டுக் கையூன்றி இருப்பது அப்போது உதவும். அரை மணி நேரத்தில் உங்கள் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பழங்காநத்தம்: கூட இருக்கிறவங்க செய்யற பெரிய தப்பு எது?

கர்ப்பப்பை வாய் முழுதாக, 10 செ.மீ. திறக்கும் முன்பே "முக்கு, முக்கு" என்பது. பிரசவிக்கும் பெண் களைத்துப்போவார், கர்ப்பப்பை வாய் வீங்கிக்கொள்ளும். நர்ஸ் சொல்லும்வரை ஊதி ஊதி மூச்சுவிடத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, டூலா டாக்டரோடு வாதாடுவது. கேள்வி பெண்ணின் வாயிலிருந்து வரட்டும்: "இப்பவே செய்யணுமா? அரை மணி நேரம் பொறுக்கலாமா? வேற வழி இருக்கா?" குழந்தையின் துடிப்பு இறங்கிவிட்டது என்றால் கேள்வியே வேண்டாம், இடத்தை விட்டு ஒதுங்குவதுதான் உதவி.

அனுப்பானடி: எபிடூரல் போட்டாலோ சிசேரியன் ஆனாலோ டூலாவுக்குக் கொடுத்தது வீண்தானே?

எபிடூரல் என்பது வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் மருந்து. அது போட்டால் கால் மரத்திருக்கும், நடக்க முடியாது. அரை மணிக்கொரு தரம் நர்ஸ் உதவியோடு பக்கம் மாற்றிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். சிசேரியன் என்றால், ஆபரேஷன் தியேட்டருக்குள் பல இடங்களில் டூலாவை விடுவதில்லை. ஆனால் வெளியே வந்ததும் வேலை நிறைய: குழந்தையை வெற்று மார்பில் போடுவது, தையலில் படாதபடி கக்கத்தில் இடுக்கிப் பால் கொடுக்கப் பழக்குவது.

சோழவந்தான், மாமியார்: பேரனுக்குச் சேனை வைக்கணும், பிறந்ததும் நாக்குல இனிப்புத் தொட்டு வைக்கிறது. டூலா வேண்டாங்குறாக.

அவர் சொல்வது சரிதான் அம்மா. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான் போக வேண்டும். கெட்டியாக, மஞ்சளாக, கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாள் குழந்தைக்கு அது போதும். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுவைத்தால் கிருமி வயிற்றுக்குள் போகும், பால் சப்புவதும் குறையும். பேரன் நாக்கில் முதல் சொட்டு உங்கள் கையால் விழ வேண்டுமென்றால், சுத்தமாகக் கை கழுவி, மருமகள் பீய்ச்சிய சீம்பாலைச் சின்னக் கரண்டியில் எடுத்து நீங்களே கொடுங்கள்.