மார்க் ஏறியது சரி, யாரால் ஏறியது?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை சில கிராமங்களில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறது. இடம் கேட்டு வருபவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புகிறோம். ஜூனைவிட மார்ச்சில் மதிப்பெண் நன்றாகக் கூடியிருக்கிறது. நன்கொடையாளர் 'தாக்க மதிப்பீட்டு அறிக்கை' கேட்கிறார். ஒரு நிறுவனம் இரண்டரை லட்சத்துக்குச் செய்து தருவதாகச் சொல்கிறது. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம்.

உங்கள் பிள்ளைகள் பகலில் பள்ளிக்கூடமும் போகிறார்கள். உங்கள் வகுப்பு இல்லாவிட்டாலும் மார்க் கொஞ்சம் ஏறியிருக்கும். அது எவ்வளவு என்று தெரியாமல் உங்கள் பங்கைச் சொல்ல முடியாது. கோவிட் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பள்ளி திறந்த ஆறே மாதத்தில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அப்படித் திரும்பியதில், அரசின் மாலை வகுப்புத் திட்டமான 'இல்லம் தேடிக் கல்வி'யின் பங்கு ஏறத்தாழ 24 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் முந்தைய மார்க்கையும் பிந்தைய மார்க்கையும் ஒப்பிடும் முன்-பின் கணக்கு மட்டும் போட்டிருந்தால் முழுப் பெயரும் அதற்கே போயிருக்கும்.

இந்த அறிக்கைக் கம்பெனிகள் போடுவது அந்த முன்-பின் கணக்கைத்தான். பிப்ரவரியில் டேப்லெட்டோடு வருவார்கள், அன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைச் சோதிப்பார்கள். தீபாவளிக்கு அப்புறம் நின்றுபோன பிள்ளைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். பெரும்பாலும் நிற்பது பின்தங்கிய பிள்ளைதான். அப்படிப்பட்டவர்கள் போனாலே சராசரி ஏறும், நீங்கள் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்! பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்: ஒப்பிட யாரை எடுப்பீர்கள்? நின்றவர்களை வீடு தேடிப் போய்ச் சோதிப்பீர்களா? பலன் இல்லை என்றால் அதையும் எழுதுவீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பேச்சு மாறும்.

வரும் ஜூனில், இடம் கேட்ட எல்லோர் பெயரையும் எழுதி, எல்லோரையும் சோதித்துவிட்டு, பெற்றோர் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மார்ச்சில் இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் இரு தரப்பையும் மறுபடி சோதியுங்கள். குலுக்கலில் பிரிந்ததால் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே மாதிரி; மார்ச்சில் தெரியும் வித்தியாசம்தான் உங்கள் பங்கு. பிள்ளையைத் தனியே உட்காரவைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்வது, கடன் வாங்கிக் கழித்தல் இரண்டு, அவ்வளவு போதும். சொல்லிக்கொடுத்தவரே சோதிக்கக் கூடாது. அந்த வேலைக்கும் வீடு வீடாக அலைவதற்கும் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தாலும் இரண்டரை லட்சம் ஆகாது.

'சில பிள்ளைகளை வெளியே நிறுத்தலாமா?' என்பீர்கள். எல்லோருக்கும் இடமும் பணமும் இருந்தால் கூடவே கூடாது. சத்துணவு போலச் சட்டப்படி உரிமையானதிலும் கூடாது. ஆராய்ச்சிக்காக ஒரு பிள்ளையின் தட்டை எடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நீங்கள் ஏற்கெனவே பாதிப் பேரைத் திருப்பித்தான் அனுப்புகிறீர்கள். வார்டு மெம்பர் சிபாரிசைவிடச் சீட்டு நியாயமானது.

அரசுத் துறைகளும் திட்டத்தை மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்கிவிட்டு, வருடங்கள் கழித்து மதிப்பீடு கேட்கின்றன. ஒப்பிட ஆள் எங்கே மிச்சம்? மெக்சிகோ 1997-இல் தொடங்கிய ப்ரோக்ரெசா உதவித்தொகைத் திட்டத்தின் ஆய்வுக்கு 506 கிராமங்களை எடுத்து, குலுக்கலில் 320-க்கு முதலிலும் 186-க்குப் பிறகும் கொடுத்தது. 2000-இல் ஆட்சி மாறியும் திட்டம் தொடர்ந்ததற்கு அந்த ஆதாரமும் ஒரு காரணம்.

நன்கொடையாளருக்கு மார்ச் 31-க்குள் காகிதம் வேண்டும், அவ்வளவுதான். இந்த வருடம் வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் கொடுங்கள், நின்றவர் எண்ணிக்கையோடு. 'தாக்கம்' என்ற சொல்லை அடுத்த வருட அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம்.